கச்சான் காலம்

வைகாசியில் கச்சான் எழும்பினால்
கல்லடியில் மணல் பறக்கும்.
எங்கள் வளவில்
மணலோடு நாயும் பறக்கும்.

பஞ்சு என்று பெயர் வைத்தது நானில்லை.
வாடகைக்கு இருந்த வங்கிக்காரர்
வவுனியாவுக்கு மாற்றலாகிப் போகையில்
ஒரு வாளி, கால் ஆடும் ஒரு கதிரை,
இந்த வெள்ளை நாய்,
மூன்றையும் விட்டுவிட்டுப் போனார்.
வாளி ஓட்டை.

நான் தைப்பது கறுப்பு.
காத்தான்குடி றிஸ்மினாவின் கடைக்கு
மாதம் நாற்பது அபாயா.
கறுப்பில் எத்தனை கறுப்பு உண்டென்று
விரலைக் கேட்டால் சொல்லும்.
வெள்ளை ஒன்றுதான்,
அது எல்லாக் கறுப்பிலும் ஒட்டும்.

நாயை வெளியே கட்டினேன்,
மயிர் உள்ளே வந்தது.
கதவைச் சாத்தினேன்,
என் கொண்டையில் ஏறி வந்தது.
தையல் அறைக்கு ஒரு சட்டை,
நாய்க்குச் சோறு வைக்க ஒரு சட்டை.
பெரியாஸ்பத்திரி நர்ஸ் என்று சிரிப்பார் பேரின்பம்.
தன் கோப்பையில் ஒன்று கிடந்தால்
சிரிக்க மாட்டார்.

பாயை றப்பர் செருப்பால் தேய்த்தால்
ஒரு குட்டி நாய் அளவு திரளும்.
மிச்சத்தை ஈரக்கை உருட்டும்.
வாருவது விடியமுன்,
வாவி அசையாமல் கிடக்கும் நேரம்,
பழைய பேன் சீப்பால்.
கண் சொருகி நிற்பான்.
வாரி முடித்ததும்
வாராதவன் போலவே இருப்பான்.

சேர்ந்தது ஒரு உரப்பை.
மூத்தவள் தலையணைக்குள் அடைத்தாள்;
மழை பெய்த அன்று
தலையணை நாயாக மணந்தது.
நான் ஊசி குத்தும் பொட்டணத்துக்குள் வைத்தேன்.
உப்புக்காற்றிலும் ஊசியில் துரு இல்லை.
பத்து நாள் சந்தோசப்பட்டேன்.
அந்த ஊசி யாருடைய துணியில் ஏறுகிறதென்று
பதினோராம் நாள்தான் நினைத்தேன்.
பொட்டணத்தைப் பிரித்தேன்.
புது ஊசி வாங்கினேன்.

கடைசியில் கேட்டு வந்தது
பேரின்பத்தின் தம்பி.
கரடியனாற்றில் அவன் கச்சான் போட்டிருந்தான்,
பன்றி விடவில்லை.
சலூன்காரன் இப்போது
வெட்டிய தலைமயிருக்கும் காசு கேட்கிறானாம்.
எனது கறுப்பு வெட்டுத்துண்டுகளில்
பஞ்சுவை முடிந்து முடிந்து
வேலி நீளத்துக்குக் கட்டினான்.
மூன்று இரவு ஒன்றும் வரவில்லை.
நாலாம் இரவு
மேற்கில் நாலு வரிசை கிண்டிக் கிடந்தது.
கிழக்கைத் தொடவில்லை.
நாய்க்குப் பயந்தா, வயிறு நிறைந்தா,
பன்றியிடம்தான் கேட்க வேண்டும்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து
ஸ்கூட்டியில் வந்தாள் றிஸ்மினா.
பில்லின் பின்பக்கம் செலோடேப்,
செலோடேப்பின் கீழ்
ஒரு மயிர்.
அவள் தனக்கென்று எடுத்த உடுப்பில்,
மடிப்புக்குள்,
நான் தைத்த தையலுக்கு அடியில்.

பேரின்பத்தின் தலை நரை என்று
சொல்லியிருக்கலாம்.
படலைக்குப் பின்னால் வால் ஆடியது.

‘நாய் ஈக்கா ஒங்கட்ட?’
‘ஓம்.’
‘அஞ்சு வருஷமா ஒரு வார்த்த செல்லல்லயே நீங்க.’

அவள் கேட்காததால் நான் சொல்லவில்லை,
நான் சொல்லாததால் அவள் கேட்கவில்லை.
இதைக்கூட
அப்போது சொல்ல வாய் வரவில்லை.

உடுப்பின் கரையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி
ஸ்கூட்டிவரை போனாள்.
அங்கிருந்து சொன்னாள்:
‘ஏழு தரம் கழுவின.
ஒரு தரம் மண் போட்டு.
சாயம் எறங்கல்ல.’
அது கோபமா, பாராட்டா,
சத்தத்தில் பிடிபடவில்லை.

அடுத்த ஓடர் இன்னும் வரவில்லை.
தையல் மெசினை மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டேன்.
படியில் ஒரு படலை.
பஞ்சு கீழே இருந்து
ஏறும் கால்களை எண்ணுகிறான்.

கச்சான் பிடுங்கியாயிற்று.
கிழக்கு வரிசையில் விளைந்தது,
அவிக்காமல், தோலோடு,
ஒரு பை றிஸ்மினாவுக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.
கொண்டு போகவில்லை.
யன்னல் வெளிச்சத்தில் பிடித்து
பையை மூன்று தரம் பார்த்துவிட்டேன்.
இப்போது நாலாம் தரம்.